செம்புக்கு இடம் வலம் தெரியுமா?

வாழைப்பூவை ஆய்ந்து நறுக்கும்போது பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் மோர் கலந்த தண்ணீர் வைத்துக்கொள்வது நம் வீடுகளின் வழக்கம். நறுக்கியதை உடனே அதில் போடாவிட்டால் சில நிமிடங்களில் கறுத்துவிடும். வாழைக்காயும் கத்தரிக்காயும் அப்படித்தான். காற்றிலுள்ள ஆக்சிஜன்தான் காரணம் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் அதே காற்றுப் படும்படி வைத்திருக்கும் சர்க்கரைக்கு ஆண்டுக்கணக்கானாலும் ஒன்றும் ஆவதில்லை. அரிசியும் விறகும் பருத்தித் துணியும் காற்றில்தான் கிடக்கின்றன. ஆற்றல் கணக்குப்படி பார்த்தால், இவை எல்லாமே ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவும் நீருமாக மாறிவிட வேண்டியவை. விறகில் தீ வைத்தால் அதுதான் நடக்கிறது. தொடங்கிவிட்டால் சாம்பலாகும்வரை நிற்பதுமில்லை. தீ வைக்காதவரை ஏன் ஒன்றும் நடப்பதில்லை? வாழைப்பூவுக்கு மட்டும் ஏன் தீக்குச்சி தேவைப்படவில்லை?

முதல் கேள்விக்கான விடை ஆக்சிஜனின் எலக்ட்ரான்களில் இருக்கிறது. பெரும்பாலான மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்திருக்கும். சோடியில் ஒன்றின் சுழற்சி ஒரு திசை, மற்றதன் சுழற்சி எதிர்த்திசை. ஆக்சிஜன் மூலக்கூறில் மட்டும் இரண்டு எலக்ட்ரான்கள் சோடி சேராமல், ஒரே சுழற்சித் திசையோடு தனித்து நிற்கின்றன. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். திரவ ஆக்சிஜனை வலுவான காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஊற்றினால் கீழே விழாமல் அங்கேயே ஒட்டி நிற்கும். திரவ நைட்ரஜன் வழிந்து ஓடிவிடும். தனி எலக்ட்ரான்கள் தரும் காந்தத்தன்மை அது. எலக்ட்ரான்கள் அத்தனையும் சோடி சேர்ந்திருக்கும் சர்க்கரையோடு இப்படிப்பட்ட ஆக்சிஜன் நேரடியாக வினைபுரிவதைக் குவாண்டம் விதி தடுக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் நிறைந்த காற்றுக்குள் நாம் எரிந்துபோகாமல் வாழ்வது இந்தத் தடையால்தான்.

தடையைத் தாண்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கடுமையான வெப்பம். அது கண்மண் தெரியாத வழி. எதையும் மிச்சம் வைக்காது. மற்றது, எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகக் கொடுக்கவும் வாங்கவும் வல்ல ஓர் உலோகத்தை நடுவில் நிறுத்துவது. உயிரினங்கள் இதற்கு இரும்பையும் செம்பையும் பழக்கியிருக்கின்றன. செம்பு அயனி ஒற்றை மின்னேற்ற நிலையில் ஆக்சிஜனுக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு இரட்டை மின்னேற்ற நிலைக்குப் போகும். பிறகு வேறொரு மூலக்கூறிடமிருந்து ஓர் எலக்ட்ரானை வாங்கிப் பழைய நிலைக்குத் திரும்பும். வாழைப்பூவில் இருப்பது பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி. அதன் நடுவில் இரண்டு செம்பு அணுக்கள். செல்லுக்குள் நொதி ஓர் அறையிலும், அது ஆக்சிஜனேற்றும் பீனால்கள் வேறோர் அறையிலும் இருக்கும். கத்தி பட்டதும் சுவர்கள் உடைகின்றன, இரண்டும் கலக்கின்றன, கறுப்பு பிறக்கிறது. மோரின் புளிப்பு நொதியை மட்டுப்படுத்துகிறது. தண்ணீர் காற்றை விலக்கிவைக்கிறது. நம் தலைமுடியின் கறுப்பையும் தோலின் நிறத்தையும் உண்டாக்குவதும் இதே குடும்பத்து நொதிதான். அதற்கு டைரோசினேஸ் என்று பெயர்.

இரண்டு செம்பு அணுக்கள் ஆக்சிஜனை எப்படிப் பிடித்திருக்கின்றன என்று கண்டுபிடித்த கதை, போலி செய்வதன் அருமையைச் சொல்லும் கதை. நண்டு, இறால், கணவாய் ஆகியவற்றின் குருதியில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோசயனின் என்ற புரதம். அதன் நடுவிலும் இரண்டு செம்பு அணுக்கள். ஆக்சிஜன் இல்லாதபோது அது நிறமற்றது, ஆக்சிஜன் ஏறியதும் நீலம். அந்த நீலத்தை நிறமாலையில் ஆராய்ந்தவர்களுக்கு ஆக்சிஜனின் இரு அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு வழக்கத்துக்கு மாறாகத் தளர்ந்திருப்பது தெரிந்தது. ஏன் தளர்ந்திருக்கிறது, ஆக்சிஜன் எந்த வாக்கில் அமர்ந்திருக்கிறது என்பது தெரியவில்லை. 1989இல் ஜப்பானைச் சேர்ந்த நொபுமாசா கிதாஜிமாவும் அவர் குழுவினரும் புரதமே இல்லாமல், சிறிய கரிம மூலக்கூறுகளைக் கொண்டு இரண்டு செம்பு அணுக்களைப் பிடித்து நிறுத்தி, அவற்றின் நடுவில் ஆக்சிஜனை அமரவைத்தார்கள். ஆக்சிஜன் இரண்டு செம்புக்கும் குறுக்காகப் படுத்திருந்தது; அதன் இரு அணுக்களும் இரண்டு செம்பையும் தொட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சேர்மத்தின் நிறமாலை ஹீமோசயனினுடையதை ஒத்திருந்தது. அப்படியானால் நண்டின் குருதியிலும் இதே அமைப்புத்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். 1994இல் குதிரைலாட நண்டின் ஹீமோசயனினை ஆக்சிஜனோடு படிகமாக்கி எக்ஸ் கதிரால் பார்த்தபோது அது சரியாகவே இருந்தது. விடையைப் புரதத்திடமிருந்து பெறுவதற்கு முன்பே அதன் போலி சொல்லிவிட்டது.

1998இல் சர்க்கரைவள்ளிக்கிழங்கிலிருந்து எடுத்த கேட்டகால் ஆக்சிடேஸ் நொதியின் அமைப்பும் தெரியவந்தது. அதிலும் அதே இரண்டு செம்பு. ஒவ்வொன்றையும் மூன்று ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள் பிடித்திருக்கின்றன, ஹீமோசயனினில் இருப்பது போலவே. இங்கே நின்று யோசிக்க வேண்டும். உலோகம் ஒன்று, அதைப் பிடித்திருக்கும் அமினோ அமிலங்கள் ஒன்று, ஆக்சிஜன் அமரும் விதமும் ஒன்று. ஆனாலும் நண்டில் அது ஆக்சிஜனைச் சுமந்து சென்று இறக்கிவைக்கிறது. கிழங்கில் அதே ஆக்சிஜனால் பீனாலைத் தாக்குகிறது. வேறுபாடு செம்பைச் சுற்றியுள்ள இடத்தில் இருக்கிறது. ஹீமோசயனினில் செம்புக்குப் போகும் வழியைப் புரதத்தின் ஒரு பகுதி அடைத்துக்கொண்டிருப்பதால் பீனால் உள்ளே வர முடியாது. சலவைப் பொடியில் இருப்பது போன்ற ஒரு பொருளைச் சிறிது சேர்த்துப் புரதத்தைத் தளர்த்தினால் வழி திறந்துகொள்கிறது. ஹீமோசயனினும் பீனாலை ஆக்சிஜனேற்றத் தொடங்கிவிடுகிறது. வினைபுரியும் வலு செம்புடையது; எதோடு, எந்த இடத்தில், எதுவரை என்ற தேர்வு சூழலுடையது. இந்தக் கட்டுரை சொல்ல வருவதெல்லாம் இந்த ஒன்றைத்தான்.

தேர்வு எவ்வளவு நுணுக்கமாக இருக்க முடியும் என்று காட்ட காலக்டோஸ் ஆக்சிடேஸை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பூசரியம் என்ற பூஞ்சையின் நொதி அது. பால் சர்க்கரையின் ஒரு பாதியான காலக்டோஸில் ஐந்து ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. அவற்றில் ஆறாவது கார்பனில் இருப்பதை மட்டும் தேர்ந்து ஆல்டிஹைடாக மாற்றுகிறது. அதைத் தாண்டி அமிலமாக்குவதில் அது நாட்டம் காட்டுவதில்லை. காலக்டோஸுக்கும் குளுக்கோஸுக்கும் நான்காவது கார்பனில் ஒரு தொகுதி மேலே பார்க்கிறதா, கீழே பார்க்கிறதா என்பதைத் தவிர வேறுபாடு கிடையாது. குளுக்கோஸை இந்த நொதி ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அந்த ஆறாவது கார்பனில் உள்ள இரண்டு ஹைட்ரஜன்களும் நம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றை மட்டும் கனமான ஹைட்ரஜனாக மாற்றி அடையாளமிட்டுச் சோதித்தபோது, நொதி எப்போதும் ஒரே பக்கத்து ஹைட்ரஜனையே எடுப்பது தெரிந்தது.

இந்த நொதியில் நெடுநாள் அவிழாத ஒரு புதிர் இருந்தது. ஆல்கஹாலை ஆல்டிஹைடாக்க இரண்டு எலக்ட்ரான்களை எடுக்க வேண்டும். நொதியில் இருப்பதோ ஒரே ஒரு செம்பு. அதனால் ஓர் எலக்ட்ரானைத்தான் வாங்க முடியும். இன்னொன்று எங்கே போகிறது? செம்பு வழக்கத்துக்கு மாறாக மும்மின்னேற்ற நிலைக்குப் போகிறது என்று கார்டன் ஹாமில்டன் 1978இல் கருதினார். அதற்கு ஆதாரமும் இருந்தது. இரட்டை மின்னேற்றச் செம்பில் ஒரு தனி எலக்ட்ரான் உண்டு. எலக்ட்ரான் காந்த ஒத்திசைவுக் கருவி அதைக் காட்டிக்கொடுக்கும். செயல்படும் நிலையில் உள்ள நொதியைக் கருவியில் வைத்தால் எந்தக் குறியும் வரவில்லை. ஆனால் ஜேம்ஸ் விட்டேக்கரும் மெய் விட்டேக்கரும் இதற்கு வேறொரு விளக்கம் தந்தார்கள். செம்பு இரட்டை மின்னேற்ற நிலையில்தான் இருக்கிறது; புரதத்தில் இன்னொரு தனி எலக்ட்ரான் உண்டாகி, செம்பின் தனி எலக்ட்ரானோடு எதிர்த்திசையில் இணைந்து இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடுகின்றன என்றார்கள். செம்பை முழுவதுமாக நீக்கிவிட்டு நொதியை ஆக்சிஜனேற்றியபோது அந்த மறைந்திருந்த எலக்ட்ரானின் குறி வெளியே வந்தது. அது டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் இருந்தது. 1991இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட எக்ஸ் கதிர்ப் படம் யாரும் எதிர்பாராத ஒன்றையும் காட்டியது. அந்த டைரோசின் பக்கத்துச் சிஸ்டீனோடு கந்தகத்தின் வழியாகப் பிணைந்திருந்தது. இரண்டு எலக்ட்ரான் வேலையில் பாதியைச் செம்பும் பாதியைச் சூழலும் பகிர்ந்துகொள்கின்றன. சூழல் என்பது வெறும் சுவராக நிற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி இடம் வலம் பற்றி. மன்னார் வளைகுடாவில் எடுக்கப்படும் சங்குகளில் ஏறத்தாழ எல்லாமே இடம்புரி. எப்போதாவது ஒன்று வலம்புரியாகக் கிடைக்கும். இரண்டிலும் உறுப்புகள் ஒன்றே, எடை ஒன்றே, சுண்ணாம்பும் ஒன்றே. ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். ஆனால் எப்படித் திருப்பினாலும் ஒன்றை மற்றதாக்க முடியாது. இடம்புரிச் சங்கை மெழுகில் அழுத்தி ஒரு குழி எடுத்தால், அந்தக் குழியில் வலம்புரி உட்காராது. உருண்டையான கோலியை அழுத்தி எடுத்த குழியாக இருந்தால் இரண்டையும் பிரித்தறிய அதனால் முடியாது. புரியை அறிய, அறிகிற பொருளுக்கும் ஒரு புரி வேண்டும்.

நான்கு வெவ்வேறு தொகுதிகளைத் தாங்கிய கார்பன் அணு உள்ள மூலக்கூறுகள் இப்படி இரு கைகளில் வரும். இந்தப் பண்பைக் கைத்தன்மை என்கிறோம். கார்வோன் என்ற எண்ணெயின் ஒரு கை புதினாவின் மணம். மறு கை சதகுப்பையில் இருக்கிறது, அதன் மணம் வேறு. நம் மூக்கின் புரதங்கள் ஒரே கையுள்ள அமினோ அமிலங்களால் ஆனவை என்பதால் அவற்றுக்கு வேறுபாடு தெரிகிறது. பூனைக்காலி விதையில் இருக்கும் எல்-டோபா பார்க்கின்சன் நோய்க்கு மருந்து. அதன் மறு கை நோய்க்கு உதவாது, தீங்கும் செய்யக்கூடியது. சோதனைக் குடுவையில் வழக்கமான முறையில் ஒரு மூலக்கூறைச் செய்தால் இரு கைகளும் பாதிக்குப் பாதி வரும். கைத்தன்மையற்ற வினைபொருள்கள் கோலிக்குழி போன்றவை. அவற்றுக்கு இடமும் வலமும் ஒன்றுதான்.

செம்பு அயனியும் தன்னளவில் அப்படியே. அதற்கு இடம் வலம் தெரியாது. இதற்கு இயற்கையே ஒரு சான்று தருகிறது. செடிகளில் கோனிஃபெரில் ஆல்கஹால் என்ற பொருளின் இரண்டு மூலக்கூறுகள் இணைந்து பைனோரெசினால் உண்டாகிறது. லாக்கேஸ் என்ற செம்பு நொதி அவற்றிலிருந்து ஒவ்வோர் எலக்ட்ரானை எடுத்துவிடும். பிறகு அவை தாமாக இணையும். சோதனைக் குடுவையில் லாக்கேஸை மட்டும் வைத்துச் செய்தால் இரு கைகளும் கலந்தே வரும், வேறு துணைப்பொருள்களும் வரும். செடியிலோ ஒரே கை. 1997இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் டேவினும் நார்மன் லூயிஸும் ஃபார்சித்தியா செடியிலிருந்து இதற்குக் காரணமான புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதில் உலோகமே இல்லை. தனியாக வைத்தால் அது எந்த வினையும் செய்யாது. லாக்கேஸ் எலக்ட்ரானை எடுத்துத் தூண்டிவிட்ட மூலக்கூறுகளைத் தனக்குள் வாங்கி, ஒரே வாக்கில் நிறுத்தி இணைய விடுகிறது. எலக்ட்ரானை எடுப்பது ஒருவர் வேலை, கையைத் தீர்மானிப்பது வேறொருவர் வேலை என்று இரண்டும் இரண்டு புரதங்களாகவே பிரிந்து நிற்கின்றன. நம் நல்லெண்ணெயில் இருக்கும் செசமின், எள் செடி பைனோரெசினாலிலிருந்து செய்வதுதான்.

வேதியியலாளர்கள் எடுத்துக்கொண்ட வேலை, இந்த இரண்டையும் ஒரே சிறு மூலக்கூறில் சேர்ப்பது. உலோக அயனியைச் சுற்றி அமர்ந்து அதற்கு எலக்ட்ரான் சோடிகளைத் தந்து பிடித்துக்கொள்ளும் மூலக்கூறை ஈனி என்பார்கள். இரண்டும் சேர்ந்தது அணைவுச் சேர்மம். ஈனிக்கு ஒரு கை இருந்தால் செம்பைச் சுற்றியுள்ள இடத்துக்கும் ஒரு புரி வந்துவிடும். ஒரு கையுள்ள பொருள்களுக்குப் பஞ்சமில்லை. புளியின் டார்டாரிக் அமிலம் ஒரே கை. புரதங்களின் அமினோ அமிலங்களும் ஏறக்குறைய எல்லாமே ஒரே கை. அவற்றிலிருந்தே ஈனிகளைச் செய்யலாம்.

1966இல் கியோட்டோவில் ஹிதோசி நொசாகியும் ரியோஜி நோயோரியும் கைத்தன்மையுள்ள ஈனி பூட்டிய செம்பு அணைவுச் சேர்மத்தை வினையூக்கியாக்கி ஒரு மூவணு வளையத்தைக் கட்டினார்கள். அது ஆக்சிஜனேற்ற வினை அல்ல. ஆனால் செம்புக்கு இடம் வலம் கற்றுத்தர முடியும் என்று முதலில் காட்டியது அதுதான். கிடைத்த விளைவு மிகச் சிறியது: ஒரு கை 55, மறு கை 45. இந்தப் பத்து புள்ளி வேறுபாட்டைத்தான் வேதியியலாளர்கள் ‘கை மிகுதி’ என்ற பொருளில் பத்து விழுக்காடு என்கிறார்கள். சுமிட்டோமோ நிறுவனத்தில் அராடானி அதே வகை ஈனிகளை மாற்றி மாற்றி அமைத்து மிகுதியைத் தொண்ணூறுக்கு மேல் கொண்டுபோனார். கொசுவத்திகளில் பயன்படும் பைரித்ராய்டுகளின் அடிப்படையான கிரிசாந்திமிக் அமிலம் அந்த உழைப்பின் இலக்குகளில் ஒன்று. நோயோரி 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரானார்.

ஐம்பதுக்கு ஐம்பதிலிருந்து 95க்கு 5க்குப் போவது பெரிய மாற்றம் போலத் தோன்றும். ஆற்றலளவில் அது மிகச் சிறியது. இரு கைகளும் உருவாகும் பாதைகளின் தடைகளுக்கு இடையே ஒரு மோலுக்கு இரண்டு கிலோகலோரிக்கும் குறைவான வேறுபாடு போதும். நீரில் உள்ள ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் வலுவில் பாதிகூட ஆகாது. அதனால்தான் ஈனியில் ஒரு மெத்தில் தொகுதியை இடம் மாற்றினாலே விளைவு தலைகீழாகிவிடுகிறது, முன்கூட்டிக் கணிப்பதும் கடினமாக இருக்கிறது.

செம்பின் வடிவ விருப்பமும் இதில் சேர்ந்துகொள்கிறது. இரட்டை மின்னேற்றச் செம்பு நான்கு ஈனி அணுக்களையும் ஒரே தளத்தில், சதுரமாக வைத்துக்கொள்ள விரும்பும். ஒற்றை மின்னேற்றச் செம்பு நான்முகியாக வைத்துக்கொள்ள விரும்பும். ஒவ்வொரு சுற்றிலும் எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கும்போது வடிவமும் மாற வேண்டியிருந்தால் வேலை மெதுவாகும். நொதிகள் செம்பை இரண்டுக்கும் நடுவான, இரண்டிலும் முழுத் திருப்தியில்லாத வடிவத்தில் இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டில் டேனியல் ஸ்டாக் குழு 1998இல் காலக்டோஸ் ஆக்சிடேஸுக்குச் செய்த போலியின் நுட்பம் இதுதான். இரண்டு நாஃப்தலீன் வளையங்களை ஒற்றைப் பிணைப்பால் இணைத்த பைநாஃப்தைல் சட்டத்தை ஈனியின் முதுகெலும்பாக்கினார்கள். வளையங்கள் ஒன்றையொன்று இடிப்பதால் அந்தச் சட்டம் தட்டையாக இருக்க முடியாது, முறுக்கிக்கொண்டே நிற்கும். அந்த முறுக்கு செம்பையும் சதுரத்திலிருந்து விலக்கிப் பிடித்தது. டைரோசினுக்குப் பதிலாகக் கந்தகம் இணைந்த பீனால் தொகுதிகள், எலக்ட்ரானைச் சுமக்க. ஆக்சிஜனை மட்டுமே கொண்டு பென்சைல் ஆல்கஹாலை ஆல்டிஹைடாக்கியது அந்தச் சேர்மம். ஒரு வினையூக்கி மூலக்கூறு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை வேலை செய்தது. நொதி நொடிக்கே நூற்றுக்கணக்கில் செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும்.

முறுக்கிய பைநாஃப்தைலுக்கும் இடம் வலம் உண்டு. ஒரு பக்கம் முறுக்கியது மறுபக்க முறுக்காக எளிதில் மாறாது. இத்தாலியில் பாவியாவின் லூயிஜி கசெல்லா, மிலானின் மிகேலே குல்லோத்தி குழுக்கள் ஒரே பக்கம் முறுக்கிய பைநாஃப்தைலில் ஈனி செய்து, அதில் செம்பு அணுக்களை அமர்த்தி, டைரோசினேஸ் செய்யும் வேலையை அதனிடம் கொடுத்தார்கள். எல்-டோபா, அதன் மறு கையான டி-டோபா, அவற்றின் மெத்தில் எஸ்டர்கள் ஆகியவற்றைத் தனித்தனியே வைத்து எந்தக் கை வேகமாக ஆக்சிஜனேற்றமடைகிறது என்று பார்த்தார்கள். 2004இல் வெளியான முடிவுகள், புரதம் இல்லாத சிறு சேர்மமும் ஒரு கையை விரும்புவதைக் காட்டின. காளான் டைரோசினேஸைப் பற்றிய ஒரு செய்தியை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அந்த நொதி எல் கையை டி கையைவிட எளிதாகப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் பிடித்து நிரம்பிவிட்ட பிறகு இரண்டையும் ஆக்சிஜனேற்றும் வேகம் ஒன்றேதான். தேர்வு பிடிப்பதில் நடக்கிறது. ஈனியைத் திட்டமிடுபவர் செம்பை வலுப்படுத்துவதைவிட, வரும் மூலக்கூறு அமர்வதற்கான இடத்தைச் செதுக்குவதில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும் என்பது என் முடிவு.

அதை உறுதிப்படுத்துவது நாஃப்தால் இணைப்பு. இரண்டு நாஃப்தால் மூலக்கூறுகளிலிருந்து ஓரோர் எலக்ட்ரானையும் ஹைட்ரஜன் அயனியையும் எடுத்தால் அவை இணைந்து, மேலே சொன்ன முறுக்கிய சட்டம் கிடைக்கும். பக்கப்பொருள் நீர் மட்டுமே. செம்பும் காற்றும் போதும். லாக்கேஸ் செய்யும் வேலைதான். 1990களில் ஜப்பானில் நகாஜிமா குழு புரோலின் அமினோ அமிலத்திலிருந்து செய்த டைஅமீன் ஈனியைச் செம்போடு சேர்த்து, காற்றில் இந்த இணைப்பைச் செய்து 78 விழுக்காடு கை மிகுதியை எட்டியது. அதாவது நூற்றுக்கு 89 ஒரு கை. 2001இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மரிசா கோஸ்லோவ்ஸ்கி குழு வேறொரு விறைப்பான டைஅமீனால் அதைத் தொண்ணூறுக்கு மேல் உயர்த்தியது. ஆனால் ஒரு நிபந்தனை. நாஃப்தாலில் ஹைட்ராக்சிலுக்கு அடுத்து ஓர் எஸ்டர் தொகுதி இருக்க வேண்டும். அந்த எஸ்டரும் செம்பைப் பற்றிக்கொள்வதால் மூலக்கூறு ஆடாமல் ஒரே வாக்கில் நிற்கும். எஸ்டர் இல்லாத வெறும் நாஃப்தாலைக் கொடுத்தால் வினை நடக்கிறது, தேர்வு விழுந்துவிடுகிறது. இணைக்கும் வலு அப்படியே இருக்க, பிடிப்பு மட்டும் போய்விட்டதால் வந்த இழப்பு அது.

கோஸ்லோவ்ஸ்கி குழு இதே வினையைப் படிக்கட்டாக்கி, 2009இல் செர்கோஸ்போரின் என்ற சிவப்புப் பொருளை முழுமையாகத் தொகுத்தது. செர்கோஸ்போரா பூஞ்சைகள் இலைகளைத் தாக்கப் பயன்படுத்தும் நஞ்சு அது. நம் நிலக்கடலை வயல்களில் டிக்கா இலைப்புள்ளியை உண்டாக்கும் பூஞ்சைகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இரு கைகளின் விகிதம் எப்படித் தெரிகிறது என்று கேட்கலாம். எடையும் கொதிநிலையும் ஒன்றாக இருப்பவற்றைப் பிரிக்க, அவற்றைப் புரியுள்ள வேறொன்றோடு சந்திக்கவைக்க வேண்டும். ஒரே தளத்தில் அதிரும்படி ஆக்கிய ஒளியைக் கரைசலின் வழியே செலுத்தினால் ஒரு கை அதை வலமாகவும் மறு கை அதே அளவு இடமாகவும் திருப்பும். சம அளவில் கலந்திருந்தால் திருப்பமே இருக்காது. இன்னும் நுட்பமான வழி, கைத்தன்மையுள்ள பொருளை நிரப்பிய குழாயின் வழியே கலவையைச் செலுத்துவது. ஒரு கை சற்று அதிகமாக ஒட்டி, சற்றுத் தாமதமாக வெளியே வரும். இன்றைய ஆய்வுக்கட்டுரைகளில் வரும் எண்கள் பெரும்பாலும் இந்தக் குழாயிலிருந்து வருபவை.

போலி நொதியை வெல்லுமா? வேகத்திலும் துல்லியத்திலும் இப்போதைக்கு இல்லை. மெர்க், கோடெக்சிஸ் நிறுவனங்கள் இஸ்லாட்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை ஒன்பது நொதிகளால் தொகுத்த முறையை 2019இல் வெளியிட்டன. அதன் தொடக்கத்தில் நிற்பது, இதற்கெனத் திருத்திய காலக்டோஸ் ஆக்சிடேஸ்தான். இரண்டு ஒத்த ஆல்கஹால் முனைகள் உள்ள மூலக்கூறில் ஒரு முனையை மட்டும் ஆல்டிஹைடாக்கி, கையில்லாத மூலக்கூறுக்குக் கையைத் தருகிறது. ஆனால் நொதிக்குப் பெரும்பாலும் நீர்க்கரைசல் வேண்டும், மிதமான வெப்பம் வேண்டும். புதிய மூலக்கூறைக் கொடுத்தால் பல சுற்றுத் திருத்தம் வேண்டும். செம்புச் சேர்மம் கரிமக் கரைப்பான்களிலும் வேலை செய்யும். அதன் எதிர்க்கை ஈனியைப் போட்டால் எதிர்க்கைப் பொருளும் கிடைக்கும். நொதிக்கு எதிர்க்கை நொதியை இயற்கை வைத்திருப்பதில்லை. பழைய முறையில் ஆல்கஹாலை ஆக்சிஜனேற்ற ஆறு மின்னேற்ற குரோமியத்தைப் பயன்படுத்துவார்கள். அது நிலத்தடி நீரில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக்குவியல் நமக்குக் காட்டியிருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் நூற்றில் சில பங்கு செம்பும் போதும் என்பது அந்த வகையில் சிறிய ஆதாயம் இல்லை.

நம் கல்லூரிகளின் வேதியியல் துறைகளில் முதுகலை, முனைவர் மாணவர்கள் பலர் சாலிசிலால்டிஹைடையும் அமினோ அமிலத்தையும் சேர்த்து ஷிஃப் கார ஈனி செய்து, அதில் செம்பை ஏற்றுகிறார்கள். ஏற்கெனவே கையுள்ள செம்புச் சேர்மம்தான் அது. நிறமாலை எடுப்பார்கள், படிக அமைப்பு பார்ப்பார்கள், பாக்டீரியாவைக் கொல்கிறதா என்று சோதிப்பார்கள். டைடெர்ட்பியூட்டைல்கேட்டகாலைக் கொடுத்து அது ஆக்சிஜனேற்றமடைந்து உண்டாகும் குவினோனின் நிறம் 400 நானோமீட்டர் அருகே ஏறுவதையும் அளப்பார்கள். அந்தக் கேட்டகாலுக்குக் கை கிடையாது; ஆகவே அந்தச் சேர்மத்திடம் மிக முக்கியமான கேள்வி கேட்கப்படாமலே ஆய்வேடு முடிந்துவிடுகிறது. எல்-டோபா மெத்தில் எஸ்டரையும் டி-டோபா மெத்தில் எஸ்டரையும் இரண்டு குப்பிகளில் தனித்தனியே வைத்து, அதே நிறமாலைமானியில் இரண்டின் வேகத்தையும் அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய கருவி எதுவும் தேவையில்லை. வேறுபாடு வராவிட்டாலும் அந்த எண்ணை எழுதி வெளியிடுங்கள். அடுத்த ஈனியைச் செதுக்குபவருக்கு அது வேண்டும்.